அத்தியாயம் 9: வேலைச் சீட்டின் நான்காவது வரி

ஹாலில் விரித்திருந்த கார்ப்பெட் பழுப்பேறிப் போனதைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்திருந்தாலும் பாதகமில்லை. அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டே வரி. அண்ணன் மனைவி ஒருத்தி, தம்பி மனைவி ஒருத்தி, ஒரே கூரைக்குக் கீழே ஓரகத்திகள். பெரியவள் பன்னிரண்டு வருஷம் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவள், ஹோட்டலை மூடிவிட்டார்கள். சின்னவள் துணிக்கடையில் பில் போட்டவள். கடை மூடவில்லை, அவளே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். ஒத்திகைக்கு வீட்டுக் கார்ப்பெட்டிலேயே கை வைத்தார்கள். சனிக்கிழமை வாடகை மிஷின் வந்தது, நுரை பொங்கியது, கார்ப்பெட் பளிச்சென்று ஆனது. செவ்வாய்க்கிழமை பார்த்தால், யாரோ ஒரு அண்டா டீயைக் கொட்டியது போல இருந்தது. இரண்டு வரி என்று சொல்லிவிட்டு நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

இன்று வியாழக்கிழமை.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கார்ப்பெட் அவருடையது. பெயர்ப் பலகை எழுதுவது அவர் தொழில். எந்தக் காலத்திலோ ஒரு விடுதி வாசலுக்கு அவர் எழுதிக் கொடுத்த பலகையைப் பார்த்து மயங்கி, முதலாளி கூலியோடு சேர்த்துக் கொடுத்த கார்ப்பெட் அது.

"ஏன் மாமா காலைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் பெரியவள்.

"கீழ வச்சா காலும் கலர் மாறிடுமோன்னு பார்க்கிறேன்."

சின்னவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "குத்திக் காட்டாதீங்க மாமா. எங்க போர்டை முதல்ல எழுதிக் குடுங்க."

மாமனார் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மருமகள்களின் தொழிலுக்குத் தன் கையாலேயே பலகை எழுதித் தருவதாக அவர் சொல்லி மூன்று மாதமாகிறது. வெள்ளை அடித்த பலகை சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. முதலில் பெயர் முடிவாகட்டும் என்றார். பெயர் முடிவானதும் பெயிண்ட் சரியில்லை என்றார். பெயிண்ட் வாங்கி வந்ததும், வெயில் தணியட்டும் என்றார்.

பெரியவளுக்கு அன்று பலகை பற்றிய கவலையில்லை. மாலை நான்கு மணிக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

மிஷின் கடைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார். இன்றைக்கு நான்கு மணிக்குள் மிஷினுக்கு முன்பணம் கட்டினால் திங்கட்கிழமை ஒரு நாள் பயிற்சி இலவசம், சான்றிதழும் உண்டு. இன்னொரு வழி, சரக்குக் கிடங்குக்கு மேலே இருக்கும் பயிற்சி நிலையம். இரண்டு வாரப் படிப்பு, அதுவும் திங்கட்கிழமைதான் தொடக்கம், பெயர் கொடுக்க இன்று நான்கு மணிதான் கடைசி. கையிலிருக்கும் சேமிப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். மிஷினை வாங்கினால் படிப்பில்லை. படிப்புக்குக் கட்டினால் மிஷினை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு நடுவே பல் டாக்டரம்மா. கிளினிக்கின் இரண்டு மாடிக் கார்ப்பெட்டையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போன தடவை ஒருத்தர் செஞ்சுட்டுப் போனாரு, ஒரு வாரம் ஈர நாத்தம் அடிச்சுது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

பெரியவள் அதற்கு, "இந்த மாசம் பயிற்சி முடியுதுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. அந்த ஒரு வேலை கிடைத்தால் தொழில் எழுந்து நின்றுவிடும், கிடைக்காவிட்டால் சின்னவள் மறுபடி பில் போடப் போக வேண்டும், தான் எங்கே போவதென்று பெரியவளுக்கே தெரியாது.

"அக்கா, மிஷின் கடைக்குத்தான் முதல்ல போறோம்" என்று சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "மிஷின் கைக்கு வந்துடும், சர்டிபிகேட்டும் வந்துடும். ரெண்டு வாரம் உக்காந்து படிக்க நாம என்ன பரீட்சையா எழுதப்போறோம்?"

"படிக்காம செஞ்சதோட லட்சணம்தான் ஹால்ல விரிச்சிருக்கே."

"அது மிஷின் கோளாறுக்கா. வாடகை மிஷின் அப்படித்தான்."

இவள் ஏன் இதில் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று பெரியவளுக்குப் புரியவில்லை. ஆனால் மிஷின் கோளாறு என்ற பேச்சை அவளும் மறுக்கவில்லை. மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. சனிக்கிழமை மாலை சின்னவள் தன் மகளைக் கூட்டிவர வெளியே போயிருந்தபோது, ஓரத்தில் லேசாகச் சாம்பல் நிறம் தெரிகிறதே என்று பெரியவள் தனியாக இன்னொரு முறை தண்ணீர் விட்டு மிஷினை ஓட்டியிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அவசரக்காரி அரைகுறையாகச் செய்திருப்பாள், அவளிடம் சொன்னால் மனசு நோகும், நாமே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த எண்ணம் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

மிஷின் கடையில் வரவேற்பு பலமாக இருந்தது. விற்பனைக்காரர் ஒரு முழம் சதுரமான கார்ப்பெட் துண்டைத் தரையில் போட்டு, அதன் மேல் அரை டம்ளர் காப்பியைக் கொட்டினார். மிஷினின் மூக்கை வைத்து ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. கறை போன இடம் தெரியவில்லை.

"பார்த்தீங்களா மேடம். இவ்வளவுதான் தொழில்."

சின்னவள் முகம் மலர்ந்து அக்காவைப் பார்த்தாள். மேஜையில் சான்றிதழ்கள் அடுக்காக இருந்தன, ஓரமெல்லாம் தங்க நிறம், பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

"இது என்ன நூல்ங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"கார்ப்பெட் நூல்தான் மேடம்."

"நாளைக்குக் காஞ்சப்புறம் எப்படி இருக்கும்?"

அவர் கலகலவென்று சிரித்தார். "நாளைக்கு வேற துண்டு போட்டுடுவோம் மேடம்."

அவர் வஞ்சகமில்லாத மனிதர், உள்ளதைத்தான் சொன்னார். விற்பது அவருக்குக் கைவந்த கலை, அதற்குமேல் கேட்டால் அவர் என்ன செய்வார். பெரியவள் கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனாள். அங்கே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நேற்றைய துண்டு, முந்தாநாள் துண்டு என்று நாலைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் காப்பி வட்டம் ஒன்று, போன இடத்திலிருந்து திரும்பி வந்து பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அட்வான்ஸ் கட்டிடலாமாக்கா?" என்றாள் சின்னவள்.

"இன்னொரு இடத்தையும் பார்த்துட்டு வந்துடுவோம். நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல."

சின்னவள் முகம் சுண்டிப்போனது. வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வருவது பெரியவளுக்குப் புது அனுபவம், பஸ்ஸில் இரண்டு முறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

கிடங்கின் பக்கவாட்டு இரும்புப் படியில் ஏறினால் பயிற்சி நிலையம். நீளமான ஒரே அறை. தரையில் பன்னிரண்டு கார்ப்பெட் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி. ஒன்றில் சாயம் கலங்கியிருந்தது, ஒன்று சுருங்கியிருந்தது, ஒன்றில் துரு. முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிய ஒரு பெண் அவற்றின் நடுவே மண்டியிட்டிருந்தாள். வயது இருபத்தைந்து தாண்டாது.

"டீச்சர் எங்கம்மா?" என்று சின்னவள் கேட்டாள்.

"நான்தான். சொல்லுங்க."

சின்னவள் அக்காவின் காதில், "எனக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா" என்று முணுமுணுத்தாள்.

பெரியவள் முதலில் கடைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அதை முகர்ந்து பார்த்தாள், ஓரத்தில் ஒரு நூலை உருவினாள், லைட்டரால் கொளுத்தினாள். நூல் உருகிச் சொட்டியது, பிளாஸ்டிக் நாற்றம். "இது செயற்கை நூல். காப்பி அடிவரைக்கும் இறங்கியிருக்கு. மேலாக உறிஞ்சினா, காயும்போது அடியில இருக்கிறது நூல் வழியா ஏறி வந்துடும். கறையை எடுக்கிறது பெரிய விஷயமில்ல. திரும்பி வராம பார்த்துக்கிறதுதான் வேலை."

அடுத்ததாகப் பெரியவள் தயங்கித் தயங்கி, வீட்டுக் கார்ப்பெட்டின் மடிப்புக்குள்ளிருந்து காலையில் வெட்டியெடுத்த விரலகலத் துணுக்கை நீட்டினாள். போனில் எடுத்த படத்தையும் காட்டினாள்.

டீச்சர் மறுபடி ஒரு நூலைக் கொளுத்தினாள். இந்த முறை முடி கருகும் வாடை வந்தது. "அசல் கம்பளி. நல்ல சரக்குங்க இது." துணுக்கைத் திருப்பினாள். "அடியில சாக்கு நூல். நனைஞ்சா அதோட பழுப்பு கசிஞ்சு மேல ஏறும். எத்தனை தடவை நனைச்சீங்க?"

"ஒரு தடவை" என்றாள் பெரியவள்.

"ஒரே தடவைதான்" என்றாள் சின்னவள், அதே வேகத்தில்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு தடவையில இவ்வளவு ஏறாதே."

இருவரும் குனிந்து தரையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார்கள்.

டீச்சர் வற்புறுத்தவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். "இது வேலைச் சீட்டு. இங்க மிஷினைத் தொடுறதுக்கு முன்னாடி இதை எழுதத்தான் கத்துக்கொடுப்போம். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் நனைச்சது, எவ்வளவு தண்ணி. ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க. பேசாம எழுதணும்."

இரண்டு ஓரகத்திகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதினார்கள். பெரியவளின் பேனா முதல் வரிக்குப் பிறகு நின்றது. மறைத்துவிடலாம். 'ஒரு தடவை' என்று போட்டுக் கொடுத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் பல் டாக்டரம்மாவின் கார்ப்பெட்டிலும் இப்படித்தான் மறைத்து எழுதப்போகிறோமா என்று ஒரு நினைப்பு வந்தது. இரண்டாவது வரியை எழுதினாள்.

"மாத்திக்குங்க" என்றாள் டீச்சர்.

சின்னவளின் சீட்டில் இருந்தது: சனி காலை பத்து மணி, இருவரும். சனி மதியம் இரண்டு மணி, நான் மட்டும், அக்கா குளிக்கப் போனபோது.

பெரியவள் நிமிர்ந்தாள். சின்னவள் அவளுடைய சீட்டைப் படித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கா? நீங்களா? நீங்க இப்படி ஒரு காரியம் பண்ணுவீங்களாக்கா?"

"நீ ஏன் பண்ணின?"

"நீங்க மெதுவாவே ஓட்டுனீங்களா, சோப்பு நின்னுருக்கும்னு நினைச்சேன். சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு..." சின்னவள் குரல் இறங்கியது. "இங்க வந்தா குட்டு உடைஞ்சிடும்னு பயந்துதான் மிஷின் கடை, மிஷின் கடைன்னு கத்தினேன். மாமாவோட கார்ப்பெட்டைக் கெடுத்தது நான்தான்னு மூணு நாளா சோறு இறங்கலக்கா."

"எனக்கு மட்டும் இறங்கிச்சா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. எட்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள், ஒருத்தி போட்ட உப்பை இன்னொருத்தி தெரியாமல் சரிபார்ப்பதும் உண்டு. அதையே கார்ப்பெட்டிலும் செய்திருக்கிறார்கள். மனசு நோகக் கூடாது என்று மறைத்தது நோகத்தான் செய்தது, ஆனாலும் அவளுக்கு அந்தப் பெண்ணை அப்போது மிகவும் பிடித்திருந்தது.

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். "டீச்சர், ஒருத்தர் படிச்சா போதாதா? அக்கா படிச்சுட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டா?"

"செய்யலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற ஆளுங்களா தெரியலையே."



டீச்சர் தன் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. இரண்டு வாரத்தில் எல்லாம் வந்துவிடாது, மிஷின் தரமாட்டோம், கடைசி நாள் பரீட்சையில் தேறாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்றாள். "பழுப்பை எடுக்க வழி இருக்கு. லேசான புளிப்புக் கரைசல், கொஞ்சமா தெளிச்சு, உடனே உறிஞ்சி, வேகமா காய வைக்கணும். அஞ்சாம் நாள் பாடம். உங்க கார்ப்பெட்டை அன்னிக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் யாரும் நனைக்காதீங்க. யாருமே."

மணி மூன்றே முக்கால். விண்ணப்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் சின்னவள்.

கிளம்பும்போது டீச்சர் போன் படத்தை விரலால் பெரிதாக்கினாள். "இந்த மூலை, நாற்காலிக்குக் கீழ, மத்த இடத்தைவிட ரொம்பக் கருத்திருக்கு. விளிம்புல பிசுக்கு பிடிச்ச மாதிரி ஒரு வளையமும் தெரியுது. ஏதோ இனிப்பா கொட்டி, மேல நிறையத் தண்ணி ஊத்தியிருக்காங்க. இது உங்க ரெண்டு பேர் சீட்டிலயும் வரலையே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை இருவருமே நிஜமாக விழித்தார்கள்.

வீட்டில் மாமனார் அதே நாற்காலியில் இருந்தார். பெரியவள் வேலைச் சீட்டை ஸ்டூலின் மேல் வைத்தாள். முதல் மூன்று வரிகளையும் ஒரே தாளில் எழுதியிருந்தாள்: சனி பத்து மணி, இருவரும். சனி இரண்டு மணி, சின்னவள். சனி ஆறு மணி, பெரியவள்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ரெண்டு பேரும் ஒருவழியா பேசிட்டீங்களா."

"அக்கா பண்ணினதும் உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்றாள் சின்னவள்.

"இங்கதானே உக்காந்திருந்தேன். ஒருத்தி மதியம் ஓட்டினா, ஒருத்தி சாயங்காலம் ஓட்டினா. ரெண்டு பேரும் என்னைப் பார்த்து, உதட்டுல விரலை வச்சிட்டுப் போனீங்க. நான் எதுக்கு நடுவுல?"

"சரி மாமா. நாலாவது வரி யாருது?" என்று கேட்டாள் பெரியவள்.

மாமனார் பேப்பரை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பெரியவள் பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் பேனாவை எடுத்தார். மெதுவாக எழுதினார். ஞாயிறு காலை ஐந்தரை மணி, நான், ஒரு வாளி.

"இருமல் மருந்து பாட்டில் கை தவறிடுச்சும்மா. ஏற்கெனவே மூணு தடவை குளிச்ச கார்ப்பெட், நாலாவதா ஒரு வாளி தெரியவா போகுதுன்னு ஊத்தித் தேய்ச்சிட்டேன்."

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமனாரும் சிரித்தார். பெரியவளும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள்.

அதற்குள் அவள் கண் சீட்டின் மேல் போய்விட்டது. ஊரில் பாதிக் கடை வாசல்களில் நூல் பிடித்தாற்போல் நிற்கும் எழுத்து அவருடையது. அந்தக் கை எழுதிய நான்காவது வரி ஏறி இறங்கிக் கிடந்தது. 'ஞாயிறு' என்ற சொல்லில் ஒரு கோடுகூட நேராக இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு வலது கையை இடது கைக்குள் மூடிக்கொண்டார். மூடிய கைக்குள்ளும் அது நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பெயர், பெயிண்ட், வெயில் எல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. சுவரோரம் வெள்ளைப் பலகை சாய்ந்து நின்றது.

"எத்தனை நாளா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் சிரிப்பு நின்றது. "மூணு மாசமிருக்கும்" என்றார். "ரெண்டு பேரும் புதுசா ஒண்ணு தொடங்குற நேரத்துல இதையும் சொல்லணுமான்னு பார்த்தேன்."

சின்னவள் அவர் காலடியில், அந்தப் பழுப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் இந்த வீட்டை விட்டுப் போகும்போது இருந்ததைவிட மனசு இலேசாக இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "திங்கட்கிழமைதான் எங்களுக்கு வகுப்பு."

"போர்டு?" என்றார் மாமனார்.

"நீங்க பென்சிலால கோடு போட்டுக் கொடுங்க. கோணலா இருந்தா இருக்கட்டும். பெயிண்ட் நாங்க அடிக்கிறோம்" என்றாள் சின்னவள். "ஆனா ஒண்ணு மாமா. அக்கா குளிக்கப் போனப்ப நான் தனியா அடிக்க மாட்டேன்."

பெரியவள் சீட்டை எடுத்து, நான்காவது வரிக்குக் கீழே ஐந்தாவதாக எழுதினாள். வெள்ளி காலை ஒன்பது மணி, டாக்டர், மூவரும்.